காடா, கோயிலா?

"இந்தத் தடவையும் சதுரங்கம் மாதிரி எதையாவது வாங்கிட்டு வந்தே, கம்ப்யூட்டரக் கிராணி தூக்கிட்டுப் போயிடுவாரு. பாத்துக்க!"

சிரம்பான் பஸ்ஸில் ஏறியதிலிருந்து அமிர்தலிங்கம் இதையே சொல்லிக்கொண்டு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பஞ்சாலைக்கு எரிச்சல். ஆனால் மறுக்க முடியவில்லை. கோலா சாவா ஊருக்குப் பக்கத்து எஸ்டேட்டில் இளைஞர் மன்றச் செயலாளர் அவள்தான், அவன் உறுப்பினன். மன்றத்துக்குக் கம்ப்யூட்டர் கிடைத்ததும் அவள் வாங்கிப் போட்ட சதுரங்க விளையாட்டு, வந்தவர்களையெல்லாம் கொட்டாவி விடவைத்து வீட்டுக்கு அனுப்பியது. ஆளில்லாத மண்டபத்தில் கம்ப்யூட்டர் எதற்கு என்று எஸ்டேட் ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி கேட்க, மன்றத் தலைவர் இராஜமாணிக்கம் கெடு வைத்துவிட்டார். மாதக் கடைசிக்குள் மண்டபம் நிறைய வேண்டும். இல்லையென்றால் கம்ப்யூட்டர் ஆபீசுக்கு.

கடைக்காரர் வைரவன் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்று ‘ரூபி டெம்பிள்’, மற்றது ‘அயன் ஃபாரஸ்ட்’. இரண்டிலும் ஒரு வீரன், வழியெல்லாம் பூதங்கள். அடிக்க அடிக்க வீரனுக்குப் பலம் கூடும்.

"போட்டுப் பாத்துட்டு ஒண்ண வாங்குங்க. பெட்டியப் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேன் லா."

அமிர்தலிங்கம் கோயிலுக்குள் புகுந்தான். தூண்களெல்லாம் சிவப்பாய் மின்னின. பூதம் விழுந்தால் கடையே அதிர்ந்தது. பக்கத்துக் கம்ப்யூட்டரில் பஞ்சாலை ஆடிய காடு மங்கலாக இருந்தது. அதன் வீரன் ரப்பர் பால்வாளி சுமப்பவனைப் போலத் தள்ளாடி ஓடினான்.

"கோயில்தான் பஞ்சாலை! பகல் பூரா ரப்பர் காட்டுல நிக்கறோம். பொழுது சாஞ்சும் காடா?"

"அண்ணே, நடுவுல கரண்டு போனா என்னாகும்?" என்று பஞ்சாலை வைரவனைக் கேட்டாள்.

"இது சிரம்பான்மா. கரண்டு ஏன் போகப்போகுது?"

"எங்க எஸ்டேட்டு ஜெனரேட்டர் நெனச்சா நின்னுடும்ணே."

சொன்னவள் குனிந்து, எல்லாக் கம்பிகளும் போய்ச் சேர்ந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். இரண்டு திரைகளும் இருண்டன. மூலையில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த பிரிண்டரும் அடங்கியது.

"ஐயோ தங்கச்சி! மாப்பிள்ளை பேரு பாதியில நிக்குது!"

வைரவன் தலையில் கை வைத்துக்கொண்டாலும், மறுபடி எல்லாவற்றையும் போட்டுவிட்டார். கோயில் வீரன் முதல் படியில் நின்றான். ஒரு மாடி முழுவதும் முடித்தால்தான் அவன் ஆட்டம் பதிவாகும். காட்டு வீரனும் ஆரம்பத்திலேயே நின்றான். ஆனால் அவனை எந்த இடத்திலும் தீ மூட்டி உட்கார வைக்கலாம், உட்கார்ந்தால் பதிவாகிவிடும் என்றார் வைரவன். உட்கார வைத்து, அந்த ஒரு கம்ப்யூட்டரை மட்டும் இந்தமுறை அவரே அணைத்தார். திரும்பப் போட்டபோது வீரன் அதே தீயருகே குளிர் காய்ந்துகொண்டிருந்தான்.

"கரண்டு சொல்லிட்டா போகும்? எப்ப உக்கார வைப்ப?" அமிர்தலிங்கம் விடவில்லை.

"சொல்லிட்டுத்தான்டா போகும். நம்ம பல்பு மொதல்ல மஞ்சளாகுதுல்ல?"

காட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள். வழியெல்லாம் அமிர்தலிங்கத்தின் முகம் ‘உர்’ரென்றே இருந்தது.

மாதக் கடைசி. போர்டிக்சனில் மகள் வீட்டில் தங்கிவிட்டு அன்றுதான் திரும்பியிருந்த இராஜமாணிக்கம், கம்ப்யூட்டரை ஏற்ற லோரியோடு நேரே மண்டபத்துக்கு வந்தார். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே நுழைய இடமில்லை. அமிர்தலிங்கம்தான் ஆடிக்கொண்டிருந்தான். திரையில் இரட்டைத்தலைக் காட்டுப்பன்றி ஒன்று வீரனைத் துரத்தியது. தள்ளிக்கொண்டு உள்ளே போய் நடுவில் நின்றார் தலைவர். அப்போது பல்பு மஞ்சளானது.

"உக்காரு! உக்காரு!" மண்டபமே கத்தியது.

தாம்தான் திரையை மறைக்கிறோம் என்று பயந்து, இராஜமாணிக்கம் சட்டென்று தரையில் உட்கார்ந்தார். எல்லாம் இருண்டது. உட்காரச் சொன்னது திரையிலிருந்த வீரனைத்தான் என்று பக்கத்தில் யாரோ அவர் காதில் சொன்னார்கள்.

பஞ்சாலை இருட்டில் காதைத் தீட்டிக்கொண்டாள். யாராவது எழுந்து போகிறார்களா? ஒருவரும் அசையவில்லை. பன்றியை ஈட்டியால் குத்துவதா, கோடாலியால் வெட்டுவதா என்று இருட்டிலேயே சண்டை தொடங்கியது.

"கோடாலின்னா கிட்டக்கப் போகணும், முட்டித் தள்ளிடும்டா," என்றது ஒரு குரல். "ஈட்டிதான் சரி. பையன் உக்காந்துட்டானா இல்லையா?"

"உக்காந்துட்டான், தலைவரே!" என்றாள் பஞ்சாலை சிரிப்பை அடக்கிக்கொண்டு.

இராஜமாணிக்கம் வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மணியம், லோரிய எடுத்துட்டுப் போ. கம்ப்யூட்டர் எங்கயும் போகல. கிராணிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"இருங்கண்ணே," என்றது டிரைவர் மணியத்தின் குரல், கூட்டத்துக்கு நடுவிலிருந்து. "கரண்டு வரட்டும்."