வராதவர்களின் போணி

1

இந்தக் கதை எனக்கு ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து கிடைத்தது. அதைச் சொன்னவள் சுயேன். சைகோனில் நான் குடியிருக்கும் கால்வாய்ச் சந்தின் முனையில் பான் கான் விற்கிறவள். அரிசிமாவைப் பிசைந்து வெட்டிய தடித்த நூடுல்ஸ், பன்றி எலும்புச் சாறு, மேலே கொஞ்சம் தழை. அவ்வளவுதான் அவள் ராஜ்யம்.

தொற்றுக் காலத்தில் மூடிய கடைகளைத் திரும்பத் திறந்தவர்களுக்கு ஒரு சிறுதொழில் உதவிச் சங்கம் அடுப்பும் பெரிய குடையும் கொடுத்தது. கொடுத்தவர்கள் கேமராவோடு வந்து, "மறுபடி எழுந்து நிக்க உங்களுக்கு யாரெல்லாம் கை கொடுத்தாங்க?" என்று கேட்டார்கள்.

சுயேன் அடுப்புக்கும் குடைக்கும் மனமார நன்றி சொன்னாள். பிறகு, "இன்னும் முக்கியமா, மொத நாள் கடைக்கு வராம இருந்தாங்களே, அவங்களுக்குத்தான் சொல்லணும்" என்றாள்.

கேமராக்காரப் பெண், "அக்கா, வந்தவங்களுக்குன்னு சொல்லுங்க" என்று திருத்திப் பார்த்தாள். சுயேன் திருந்தவில்லை. அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள் என்று கேள்வி. வெட்டிப் போட்டதை நான் பொறுக்கிக்கொண்டேன்.

2

[முதல் தொடக்கம்: நீண்ட ஊரடங்குக்குப் பிறகு கதிரவன் மெல்லத் தன் பொற்கரங்களை — வேண்டாம். இந்தக் கதையில் கதிரவனுக்கு வேலை இல்லை.]

[இரண்டாம் தொடக்கம்: வணிகம் என்பது அடிப்படையில் ஒரு நம்பிக்கை, அந்த நம்பிக்கை குலையும்போது சமூகம் — இது மேடைப்பேச்சு. சுயேன் கேட்டால் கரண்டியைத் தூக்குவாள்.]

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: அன்று காலை எலும்புச் சாறு கொதித்துவிட்டது, கடைக்கு யாருமே வரவில்லை.

[இன்னொன்று. அந்த நாளில் நான் சந்தில் இல்லை. ஊரடங்கில் வேறு ஊரில் மாட்டிக்கொண்டு, பிறகுதான் திரும்பினேன். ஆகவே எல்லாம் கேட்ட கதை. இடைவெளிகளை நானே பூசியிருக்கிறேன், பூச்சு எங்கே என்று முடிந்தவரை காட்டிவிடுகிறேன்.]

3

வராததற்குக் காரணம் புரிய ஒரு சொல் தெரிய வேண்டும். வீயா. நம் ஊரில் கைராசி என்கிறோமே, கிட்டத்தட்ட அது. ஆனால் இங்கே அது கையில் இல்லை, ஆளுக்குள் எடையாக இருக்கிறது. லேசான வீயாக்காரர் காலையில் போணி செய்தால் அன்று முழுக்க வியாபாரம் ஓடும். கனத்த வீயாக்காரர் முதலில் வந்து பேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால், அந்தக் கனம் கழியக் கடைக்காரி காகிதத்தைக் கொளுத்திக் கடையைச் சுற்றிக் காட்டுவாள். போனவர் திரும்பிப் பார்த்து அந்தப் புகையைக் கண்டால் வாழ்நாள் பகை.

எங்கள் சந்தில் கனம் என்று பெயரெடுத்தவள் லாட்டரிச் சீட்டு விற்கும் தியெப் கிழவி. அதிர்ஷ்டத்தை விற்கிறவளுக்கே அந்தப் பெயர் என்பதில் அவளுக்கு வருத்தத்தைவிடச் சிரிப்பு அதிகம். லேசு என்று பெயரெடுத்தவன் கியெம், வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவன். புது வீடா, புதுக் கடையா, முதலில் கியெம் கால் வைக்க வேண்டும். அவனும் சிரித்துக்கொண்டே வந்து வைத்துவிட்டுப் போவான்.

சுயேன் தன் மறுதிறப்புக்குக் கியெமைத்தான் கூப்பிட்டிருந்தாள். கையில் இருந்ததையெல்லாம் எலும்பிலும் மாவிலும் போட்டாயிற்று. முதல் நாளே சாறு மிஞ்சினால் மறுநாள் அடுப்பு மூட்ட வழியில்லை, கடையை ஏறக்கட்டிவிட்டுப் பிறந்த ஊருக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். கியெம் வருகிறேன் என்று தலையாட்டினான். அவன் முகத்தை அவள் கவனிக்கவில்லை. அவன் லேசு என்பது அவன் மூக்கைப் போல, என்றைக்கும் மாறாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

கியெமின் மனைவி லுவா அந்தத் தொற்றில் போனவள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள், சாம்பலாக வீடு வந்தாள். துக்கக்காரன் போணி செய்யக் கூடாது என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். சுயேனுக்குத் தெரியாமலில்லை. லுவா போனதைத்தான் அவள் மனம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

4

சுயேன் முக்காலிகளைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கியெம் வரவில்லை. எதிர்வீட்டுக் கதவு ஒரு கோடு திறந்து மூடிக்கொண்டது. முடிவெட்டுகிறவன் கடைப்பலகையைப் பாதி தூக்கி, அவளைப் பார்த்ததும் இறக்கிவிட்டான். தினமும் சந்து வழியாகவே சத்தம் போட்டுக்கொண்டு போகும் தியெப் கிழவியின் குரல் அன்று கால்வாய்க்கு அப்பால், பின்பக்கச் சாலையில் கேட்டது.

எல்லோரும் தன்னைக் கைகழுவிவிட்டார்கள் என்றுதான் சுயேன் நினைத்தாள். வேறென்ன நினைக்க முடியும்?

உள்ளே நடந்தது வேறு. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சாவு, ஒரு காய்ச்சல், ஒரு வேலையிழப்பு. அந்த ஆண்டில் லேசானவர் என்று சந்தில் ஒருவரும் மிஞ்சவில்லை. நாம் முதலில் போய் அந்தப் பாவப்பட்டவளின் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டாம், வேறு யாராவது நல்ல வீயாக்காரர் போகட்டும், பின்னாலேயே போய்விடலாம். இப்படி ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் காலை உணவு சாப்பிடாமல், காசைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

[காசைக் கையில் பிடித்துக்கொண்டு என்பது என் பூச்சு என்று நினைத்தேன். முடிவெட்டுகிறவனைக் கேட்டேன். "ஆமா, நோட்டு வேர்வையில நனைஞ்சே போச்சு" என்றான். பூச்சு இல்லை.]

5

கடைசியில் சுயேனுக்குக் கோபம் வந்தது. ஒரு கிண்ணத்தில் பான் கானை ஊற்றினாள், எடுத்துக்கொண்டு நேராகக் கியெம் வீட்டுக்குப் போனாள்.

அவன் இருட்டில் தரையில் உட்கார்ந்திருந்தான். சட்டை மாட்டி, தலை வாரியிருந்தான்.

"வரேன்னு தலையாட்டினீங்களே அண்ணே, என்னை ஊர் சிரிக்க வைக்கிறதுக்கா?"

"கத்தாத தங்கச்சி. கெளம்பித்தான் உக்காந்திருக்கேன். கால் வரல."

"ஏன், காலுக்கு என்ன கேடு?"

"நான் இப்ப ரொம்பக் கனமா இருக்கேன் சுயேன். உன் கடை தாங்காது."

மேசைமேல் லுவாவின் படம் இருந்தது. சுயேன் அதை அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தாள். அந்தச் சந்தில் அவள் கடையில் தினமும் முதல் கிண்ணம் வாங்கிக்கொண்டிருந்தவளே லுவாதான், கியெமுக்கும் சேர்த்து. சுயேனின் கோபம் அப்படியே உள்ளே இறங்கிப்போயிற்று. கிண்ணத்தைப் படத்துக்கு முன்னால் வைத்தாள்.

"இது படையல் இல்ல அண்ணே. வியாபாரம். உங்களுக்கு விக்கல. லுவாக்காவுக்கு விக்கிறேன். அவங்க இப்ப எவ்ளோ லேசு பாருங்க."

கியெம் கிண்ணத்தை எட்டிப் பார்த்தான். வெங்காயத்தாள் போடாத கிண்ணம். லுவாவுக்கு அது ஆகாது.

"பாத்தியா லுவா, இவ ஒன்ன மறக்கல" என்றான். பிறகு அழுதான். அழுது முடித்து, ஆணியில் மாட்டியிருந்த லுவாவின் பர்ஸை எடுத்தான். அவள் மடித்து வைத்தபடியே இருந்த ஒரு நோட்டை உருவி, கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுச் சுயேனிடம் நீட்டினான்.

"மிச்சம் வேணாமாம்."

"மிச்சம் கொடுக்குற மாதிரியா அவங்க குடுப்பாங்க! எப்பவும் சரியாத்தான் குடுப்பாங்க" என்று சுயேன் மூக்கைச் சிந்தினாள்.

6

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். வெங்காயத்தாள் இல்லாமல் கிண்ணத்தைக் கொண்டுபோனாள் என்றால், போகும்போதே முடிவு செய்துவிட்டாள் என்று அர்த்தமா? கோபம் வெறும் நடிப்பா? அப்படியானால் அவள் சாமர்த்தியக்காரி, கதை வேறு. இல்லையென்றால் அவள் கை தானாகச் செய்தது, கதை இன்னும் வேறு. அவளையே கேட்டேன்.

"கோவத்துல போனேன் தம்பி."

"அப்புறம் கிண்ணம் எதுக்கு அக்கா?"

"வெறுங்கையோட ஒரு வீட்டுக்குப் போவாங்களா? சண்டைக்குன்னாலும்?"

வெங்காயத்தாளைப் பற்றிக் கேட்டதும் சாற்றைக் கிளறத் திரும்பிவிட்டாள். அவள் சொல்லாததை நான் பூசப் போவதில்லை.

7

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

(அ) சந்து முழுக்கத் திரண்டு வந்து, கைதட்டி, பாட்டுப் பாடி — பொய். இங்கே யாரும் சாப்பிடும்போது பாடுவதில்லை.

(ஆ) லுவாவின் கிண்ணத்துக்குப் பிறகும் ஒருவரும் வரவில்லை, சுயேன் தனியே நின்று — இது துக்கத்தைப் போட்டு இலக்கியமாக்கும் குறுக்குவழி. எனக்கும் பழக்கம் உண்டு, இந்தத் தடவை வேண்டாம்.

(இ) நடந்தது. கியெம் சுயேனின் பின்னால் நடந்து வந்தான். சந்து முனையில் நின்று, "போணி ஆயாச்சு! லுவா பண்ணிட்டா!" என்று கத்தினான். தாழ்ப்பாள்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஆளாளுக்கு ஒரு சாக்கோடு வந்தார்கள், பல் வலி, தூங்கிட்டேன், சாவியைத் தேடினேன். சுயேன் எல்லாச் சாக்கையும் கேட்டுக்கொண்டு, எல்லோருக்கும் ஊற்றினாள். கண் நிறைந்து எத்தனை கிண்ணத்தில் உப்பு கூடியது என்று அவளுக்கே தெரியாது. ஒருவரும் குறை சொல்லவில்லை.

சாறு அடிமட்டத்துக்கு இறங்கிய பிறகு தியெப் கிழவி தூரத்தில் நின்றாள்.

"ஏண்டி சுயேன், இப்ப வரலாமா நான்?"

"காலையிலேருந்து எங்க கெழவி போன?"

"ஒனக்காகச் சுத்திப் போனேன்டி. கால் வலி உயிர் போகுது. அந்தக் கால் வலிக்காவது ஒரு கிண்ணம் குடு."

சுயேன் அவளைத் தன் சொந்த முக்காலியில் உட்கார வைத்தாள். அந்தக் கணத்தில்தான் தனக்கு எல்லாம் விளங்கியது என்றாள். கதவுகள் ஏன் மூடின, அந்தக் குரல் ஏன் கால்வாய்க்கு அப்பால் போனது, எல்லாம். இப்படிப்பட்டவர்கள் நடுவில் குடியிருக்கக் கிடைத்ததற்கு நான் யாரிடம் நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

8

எழுதியதை அவளுக்கு அவள் மொழியில் வாசித்துக் காட்டினேன். கொத்தமல்லி ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"கடைசியில என்ன போடுவ?"

"கடை நிலைச்சுதுன்னு போடவா?"

"நிலைச்சுதான்னு எனக்கே தெரியாது, ஒனக்கு எப்படித் தெரியும்? எலும்பு வெல ஏறுது, மாவு வெல ஏறுது. முடிவுன்னு ஒண்ணையும் எழுதாத. அது கடைப்பலகையை இறக்குற மாதிரி."

"சரி, எழுதல."

அவள் ஒரு கட்டுத் தழையை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இத மொதல்ல யாரு படிப்பாங்க?"

"யாருன்னு தெரியாதுக்கா. எங்க ஊர்ல யாராவது."

"சாவு வீட்டுக்காரங்க, கடைய மூடுனவங்க, அப்படி யாராவது மொதல்ல படிக்க வந்துட்டா?"

காகிதத்தைக் கொளுத்திக் காட்டுகிற ஊர்க்காரி, என் கதையின் போணியைப் பற்றிக் கேட்கிறாள்.

"வரட்டும்" என்றாள் அவளே. "மொதல்ல அவங்களே வரட்டும். வெளியில நிக்க வைக்காத."