கம்ப்ரசர் எழுதிய பதில்கள்

அந்த விண்வெளித் தொடரில் கப்பலின் தலைமைப் பொறியாளராக வரும் பெண்ணுக்கு இரண்டாம் பருவம் தொடங்கியதிலிருந்து குரல் கொடுத்துவந்தவள் அவள்தான். முகம் வேறு ஒருத்தியுடையது, மொழியும் வேறு. திரையில் உதடு திறந்து மூடும் நேரத்துக்குள் தமிழை அடக்கிப் பேசுவது இவள் வேலை. அம்மாவாக, வில்லியாக, ஒரு விளம்பரத்தில் சோப்புக்கட்டியாகக்கூடப் பேசியிருக்கிறாள். ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் அக்கா. கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் அவள் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. அதற்காக அவள் மூக்கால் அழுததும் இல்லை.

வம்பு ஒன்பதாவது அத்தியாயத்தில் வந்தது. கப்பலின் அடித்தளத்தில் குழாய் வெடித்து விஷவாயு பரவுகிறது. உள்ளே இரண்டு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பொறியாளர் ஓடிவருகிறாள், ஒருமுறை எட்டிப் பார்க்கிறாள், கதவைச் சாத்திப் பூட்டிவிடுகிறாள். "கீழ்த்தளம் மூடியாச்சு. எல்லாரும் மேல போங்க." அவ்வளவுதான் வசனம். மேலே இருந்த அறுபத்து மூன்று பேர் பிழைத்துக்கொண்டார்கள். நடிகை அதை முகம் கலங்காமல் சொல்லியிருந்தாள். இவளும் அப்படியே சொன்னாள்.

மறுநாள் காலை அடுப்பில் பால் வைத்துவிட்டு, தொடரின் ரசிகர் குழுவைக் கைபேசியில் திறந்து பார்த்தாள். நாற்பதாயிரம் பேர் இருக்கிற குழு. எப்போதாவது இரண்டு நல்ல வார்த்தை கிடைக்குமென்று எட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். அன்று கிடைத்தது வேறு. கல்நெஞ்சக்காரி என்றான் ஒருவன். பனிக்கட்டி என்று இன்னொருவன் பட்டப்பெயர் வைக்க, அது குழு முழுவதும் ஒட்டிக்கொண்டது. இவளுக்கு எல்லாம் எப்படித் தெரியும், எங்கே படித்தாள், எந்த இயந்திரத்தைக் கொடுத்தாலும் சரிசெய்துவிடுகிறாளே என்று ஒரு கூட்டம். மூக்கு சரியில்லை என்று இன்னொரு கூட்டம். ஒருவன் குரலுக்கே வந்துவிட்டான்: 'தமிழ்ல பேசுற அம்மாவுக்கு ஈரமே கிடையாதா? இரும்புக் கம்பியால தட்டுற மாதிரி இருக்கு.' அதற்கு ஆயிரத்து இருநூறு பேர் விருப்பம் போட்டிருந்தார்கள்.

பால் பொங்கி வழிந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு முதல் பருவம் ஞாபகம் வந்தது. அப்போது பொறியாளராக இருந்தவன் ஆண். அவனும் இதே மாதிரி ஒரு கதவைச் சாத்தினான், இதே மாதிரிதான் கண் கலங்காமல் நின்றான். அன்று அவனைச் சிங்கம் என்றார்கள். இன்றைக்கும் குழுவின் முகப்பில் இருப்பது அவன் படம்தான்.

கணவரிடம் சொல்லவில்லை. அவர் ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக். காலையில் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனால் சாயங்காலம் வருவார், டிவி முன் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் தலை தொங்கிவிடும். மனைவி குரல் கொடுத்த ஒரு படத்தையும் அவர் முழுசாகப் பார்த்ததில்லை என்பது உறவுக்காரர்கள் மத்தியில் பழைய கேலி. அந்த வாரம் சாப்பிடும்போது அவர் திடீரென்று, "அந்தக் கப்பல்ல கதவுக்கு ரப்பர் சீல் இருக்குமா?" என்று கேட்டார். எதற்கு என்றாள். சும்மாதான் என்று சோற்றைப் பிசைந்தார்.

பத்து நாள் கழித்து டப்பிங் இயக்குநர் அவளை ஸ்டுடியோவில் உட்காரவைத்துச் சுற்றி வளைத்துப் பேசினார். நல்ல மனிதர். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் கண்ணாடியை மூன்று முறை துடைத்தார். விஷயம் இதுதான்: ரசிகர்கள் முகம் சுளிக்கிறார்களாம். அத்தியாயம் மறுபடி ஒளிபரப்பாகப் போகிறது. அதற்குள் அந்த ஒரு வரியில் கொஞ்சம் விசும்பல் சேர்க்க முடியுமா என்று சேனலில் கேட்கிறார்கள்.

"அந்தப் பொண்ணு விசும்பலியே சார்," என்றாள் அவள். "உதடு ஆடாம விசும்பினா பின்னாடி யாரோ அழற மாதிரில்ல இருக்கும்?"

"புரியுதும்மா. நான் வெறும் தபால்காரன்."

திங்கட்கிழமை பேசித் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, படிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே குழுவைத் திறந்தாள். புதிதாக ஒரு பெயர் கண்ணில் பட்டது. கம்ப்ரசர். ஒவ்வொரு வசைக்குக் கீழேயும் அந்த ஆள் ஒரு பதில் போட்டிருந்தார். யாரையும் திட்டவில்லை. மூக்கைப் பற்றி எழுதியவனிடம், 'தம்பி, அந்த மூக்காலதான் கேஸ் வாசனையை முதல்ல கண்டுபிடிச்சாங்க' என்று எழுதியிருந்தார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அதற்கும் மேலே, நீளமாக ஒன்று இருந்தது.

'ஐஸ் கிடங்குல அம்மோனியா லீக் ஆன அன்னிக்கு நான் வெளியில நின்னேன். உள்ள ஒருத்தர் இருந்தார். எங்க மேஸ்திரி கதவைச் சாத்தினார். திறந்திருந்தா நாங்க பதினாலு பேரும் போயிருப்போம். அளுத்தம் ஏறும்போது யோசிக்க நேரம் கிடையாது. அளுவுற நேரமும் அது இல்ல. மறுநாள் எல்லாரும் மேஸ்திரியைக் கட்டிப்பிடிச்சாங்க. உனக்கு ஈரம் இல்லையான்னு ஒருத்தரும் கேக்கல. அவர் ஒரு மாசம் சாப்பாட்டைக் கையில எடுத்து எடுத்துத் திரும்ப வெச்சது எனக்குத் தெரியும். இந்தம்மா குரல்ல எனக்கு அது கேக்குது. கேக்காதவங்க இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க.'

அவள் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இந்தக் கிடங்குக் கதை அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். அது போகட்டும், 'அளுத்தம்' என்று எழுதுகிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான். வாடிக்கையாளருக்குக் கொடுக்கிற ரசீதில் எல்லாம் 'கேஸ் அளுத்தம் சரி' என்றுதான் எழுதுவார். எத்தனை முறை திருத்தினாலும் அந்த எழுத்து அவருக்கு வராது. ஊரே ஒரு பெண்ணை அழச் சொல்லிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷனுக்கு அழு என்று எழுதவே வரவில்லையே என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கி, வெயிலில் திரும்ப நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் கைபேசியில் தட்டிக்கொண்டிருந்தார். உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று பார்க்கிறேன் என்றார், கேட்காமலேயே. அவள் துவைத்த துணியை மடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, அழுத்தத்துக்கு எந்த 'ழு' போடணும்?"

விரல் நின்றது. காது மட்டும் சிவந்தது.

"நீ போனை சார்ஜுல போட்டுட்டுப் போயிருந்த," என்றார். "திறந்தே கிடந்துச்சு. படிச்சிட்டேன். உன்ன யாரோ கம்பின்னு எழுதியிருந்தான்."

"என்னைய இல்ல. கதையில வர்றவள."

"குரல் உன்னோடதுதானே. இருபத்திமூணு வருஷமா அதைக் கேட்டுத்தான் கண்ணு முழிக்கிறேன். எனக்குத் தெரியாதா அதுல என்ன இருக்கு, என்ன இல்லேன்னு?"

அவள் கையிலிருந்த சட்டையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டே மீதியையும் ஒப்புக்கொண்டார். வேலைக்கு இடையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து இரண்டு பருவத்தையும் பார்த்து முடித்துவிட்டாராம். நடுவில் தூங்கவே இல்லையாம். அந்தக் கப்பலில் குளிரூட்டும் குழாயை யார் மாட்டினானோ, அவனைத்தான் முதலில் திட்ட வேண்டும் என்றார். குழுவில் இப்போது சின்னப் பசங்க நிறைய பேர் அவரை அண்ணே என்று கூப்பிடுகிறார்களாம்.

திங்கட்கிழமை அவள் இரண்டு விதமாகவும் பேசினாள். கேட்டபடி விசும்பல் வைத்து ஒன்று, வேலை வேலைதானே. பிறகு, தனக்காக இன்னொன்று எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். திரையில் கதவைச் சாத்தியதும் நடிகை உள்ளங்கையை ஒரு வினாடி அதன் மேல் வைத்திருப்பாள். முதல் தடவை இவள் அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தடவை அந்த வினாடியில் மூச்சை நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு வசனத்தைச் சொன்னாள், பழைய நிதானத்திலேயே. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையிலிருந்த ஹெட்போனைக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

சேனல் விசும்பலைத்தான் எடுத்துக்கொண்டது. அத்தியாயம் மறுபடி ஒளிபரப்பான மறுநாள் காலையில் இருவரும் அடுக்களையில் நின்றபடியே குழுவைப் படித்தார்கள். ஆபத்து நேரத்தில் பொறியாளர் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதா, இதற்குத்தான் இவளை அந்த நாற்காலியில் உட்காரவைக்கக் கூடாது என்றது, என்று எழுதியிருந்தான் ஒருவன். நடிப்பு தாங்கவில்லை என்றான் அடுத்தவன். குரலை இரும்புக் கம்பி என்றவனே இப்போது, பழைய கம்பீரம் எங்கே போயிற்று என்று கேட்டிருந்தான். அவள் அடுக்களை மேடையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மாதக் கணக்கில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. என்னவென்று புரியாமலே அவரும் சேர்ந்து சிரித்தார்.

அடுத்த வாரம் டப்பிங் இயக்குநர் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த இன்னொரு பதிவு பத்திரமாக இருக்கிறதாம், இனி எப்போது போட்டாலும் அதைத்தான் போடப்போகிறார்களாம் என்றார். நல்லது சார் என்றாள். இனிமேல் குழுவில் என்ன எழுதுவார்கள் என்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரமே கம்ப்ரசருக்குத் தனியாக ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவள் ஒரு தொழிற்சாலையில் கொதிகலன் பார்க்கும் பெண். போன வருடம் சரியான நேரத்தில் வால்வை மூடி ஒரு விபத்தைத் தடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து கூட வேலை செய்கிறவர்கள் அவளை மிஷின் என்று கூப்பிடுகிறார்களாம். கேன்டீனில் யாரும் பக்கத்தில் உட்காருவதில்லையாம். 'நீங்க எழுதினதைப் படிச்சு அழுதேன் அண்ணே. அவ்வளவுதான் சொல்ல வந்தேன்' என்று முடித்திருந்தாள்.

இதற்கு என்ன எழுதுவதென்று அவருக்குக் கைகால் ஓடவில்லை. கைபேசியை மனைவியிடம் நீட்டினார். "உனக்கு வந்த லெட்டர்தான் இது," என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டு பேரும் முழுசாக ஒரு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு நான்கே வரி எழுதினார்கள். நீ செய்தது சரி, உன்னோடு உட்கார்ந்து சாப்பிட எங்களுக்கு ஆசை, விலாசம் சொன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். கீழே இரண்டு பேர் என்று கையெழுத்துப் போட்டார்கள்.

பதில் உடனே வந்தது. 'கண்டிப்பா வாங்க. ஆனா அண்ணே, நீங்க எழுதுறதப் பாத்தா கப்பல் இன்ஜினியர் மாதிரி இருக்கு, எந்தக் கப்பல்ல இருக்கீங்க?'

அவர் மனைவியைப் பார்த்தார். "உண்மையச் சொல்லுங்க," என்றாள் அவள். அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார்: கப்பல் எல்லாம் இல்லம்மா, வீட்டு ஃபிரிட்ஜ்தான்.