ஒரு மூட்டை மாவுக்கு வாங்கிய பெயர்

என் மனைவி எஃபி எங்கள் வட்டாரத்துத் தபால்காரி. முப்பத்தொரு வருடமாகச் சிவப்பு வேனை ஓட்டிக்கொண்டு, கின்ட்ராலனிலிருந்து கடற்கழியின் கோடி வரை நாற்பத்தேழு வீடுகளுக்குக் கடிதம் கொடுக்கிறாள். எந்த வீட்டில் யார் யாருக்குப் பேரன், எந்தக் கல்லறையில் எந்தத் தாத்தா என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. முதலில் அது வெறும் ஊர்க்கதைதான். பிறகு சீட்டுகளில் எழுத ஆரம்பித்தாள். பழைய கையெழுத்துகளைப் படிக்கத் தானே கற்றுக்கொண்டாள். மதிய உணவு நேரத்தில் வேனில் உட்கார்ந்து, ஒரு கையில் சாண்ட்விச்சும் மறு கையில் உருப்பெருக்கியுமாகப் பழகியது. இன்று மெக்டோரன் குலத்தின் கிளைகள் கனடா வரை அவளுடைய பிஸ்கட் டப்பாக்களில் இருக்கின்றன.

எனக்கு இதில் வேலை, வண்டி ஓட்டுவதும் கல்லறைக் கற்களில் பாசி சுரண்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதும். பாசியைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். அவள் ஒரு நிலைக்கண்ணாடியை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, கல்லின் மேல் ஒளியைக் குறுக்காக அடிப்பாள். இருநூறு வருடமாக யாருக்கும் தெரியாமல் கிடந்த பெயர் அப்படியே எழும்பி வரும். எத்தனை தடவை பார்த்திருந்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

போன மார்ச்சில் டோர்க்வில் மெக்டோரன் எங்கள் வீட்டுக்கு வந்தார். எழுபத்தொரு வயது. மர லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஆகஸ்டில் நடக்கும் குலக்கூடலில் கொடி பிடித்து முன்னால் நடப்பவர் அவர்தான். அவருடைய அப்பாவும் அதற்கு முன் தாத்தாவும் பிடித்த கொடி அது.

"எஃபி, இந்த வருஷம் குலப் புத்தகம் போடறீங்களாமே," என்றார், தொப்பியைக் கழற்றாமலே. "எங்க குடும்பத்தைப் பத்தி ஆதாரத்தோட எழுதணும். பன்னிரண்டு தலைமுறையா கொடி பிடிச்சவங்க. தலைவரோட ரத்தம்."

"ஆதாரம் கிடைச்சா எழுதறேன், டோர்க்வில்."

"கிடைக்காம எங்க போகும்? அந்த ஜெஸ்ஸி இருக்காளே, கடைக்காரி, அவ எனக்கு ரொட்டி குடுக்கும்போதெல்லாம் 'ஆதாரம் இருக்கா, ஆதாரம் இருக்கா'ன்னு கேக்கறா. அவ வாயை அடைக்கணும்."

ஜெஸ்ஸி எங்கள் ஊர் மளிகைக்கடை நடத்துபவள். மெக்ஸ்காரிக் குலத்தவள். மெக்டோரன்களும் மெக்ஸ்காரிக்குகளும் ஒரு காலத்தில் ஒருவர் மாட்டை ஒருவர் திருடி, ஒருவர் கூரைக்கு ஒருவர் தீ வைத்தவர்கள். இப்போது எஞ்சியிருப்பது கவுண்டருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று டோர்க்விலும் ஜெஸ்ஸியும் நடத்தும் வாய்ச்சண்டை மட்டும்தான். நாற்பது வருடமாக நடக்கிறது. இருவருக்கும் அது இல்லாமல் முடியாது.

எஃபி தேட ஆரம்பித்தாள். டோர்க்விலின் அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று பின்னால் போகப்போக வழி சுலபமாகவே இருந்தது. அரசருக்கு எதிராக நடந்த 1745 கலகத்தின்போது எழுதப்பட்ட ஆள்பட்டியல் ஒன்றில், கொடி பிடித்தவன் பெயர் டொனால்ட் மெக்டோரன், ஊர் அக்ரே என்று இருந்தது. டோர்க்விலின் மூதாதை அவனேதான். எஃபி சமையலறையில் குதித்தாள். ஆனால் டொனால்டின் அப்பாவுக்கு முந்தைய ஆளைத் தேடியபோது சுவடே இல்லை. அக்ரேயில் அதற்கு முன் மெக்டோரன் என்று ஒரு குடும்பமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"ஒரு குடும்பம் திடீர்னு வானத்திலேருந்தா குதிச்சிருக்கும்?" என்றேன்.

"குதிக்கலை. வேற பேர்ல இருந்திருக்கும்," என்றாள் எஃபி. அவள் முகம் அப்போதே கொஞ்சம் மாறியிருந்தது.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை இன்வர்நெஸ் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். அக்ரே தேவாலய மூப்பர்கள் சபையின் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்கள். ஊரில் யார் ஞாயிறன்று மீன் பிடித்தார்கள், யார் குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள் என்று போதகர் எழுதி வைத்த புத்தகம். மஞ்சள் தாள், புழு தின்ற ஓரம். எஃபி காலையிலிருந்து பக்கம் பக்கமாக வாசித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து, அவள் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணிக்கு அவள் உதடு நின்றது.

"ஆர்ச்சி," என்றாள் மெல்ல. "இங்க வா. கேளு."

1698. விளைச்சல் பொய்த்து, மூன்று வருடமாகச் சனங்கள் செத்துக்கொண்டிருந்த காலம். நீல் மெக்ஸ்காரிக் என்ற படகுத் தச்சன் கடலில் மூழ்கிச் செத்துப்போனான். அவன் விதவை பெஹக்குக்கு நாலு பிள்ளைகள். அந்தக் காலத்தில் ஆள்பலம் வேண்டும் என்று, தன் பெயரை ஏற்றுக்கொள்ளும் குடும்பத்துக்கு மெக்டோரன் தலைவர் ஒரு மூட்டை ஓட்ஸ் மாவு கொடுத்தார். பெஹக் பெயரை மாற்றிக்கொண்டு மாவை வாங்கினாள். இறந்த புருஷன் பெயரை விற்றுவிட்டாள் என்று மூப்பர்கள் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் சொன்ன பதிலைப் போதகர் அப்படியே எழுதியிருந்தார், எரிச்சலில் இருக்கலாம். எஃபி அதை வாசித்தாள்.

"செத்தவருக்குப் பேர் எதுக்கு? அவரை எப்படிக் கூப்பிடணும்னு கர்த்தருக்குத் தெரியும். என் பிள்ளைங்க நாலும் உயிரோட இருக்கு. சாயங்காலம் நான் பேர் சொல்லிக் கூப்பிட்டா நாலு பேரும் வீட்டுக்கு வரணும். அது எந்தப் பேரா இருந்தா என்ன?"

மூன்று ஞாயிறு சபைக்கு முன்னால் சாக்குத்துணி உடுத்தி நிற்க வேண்டும் என்று தண்டனை. அடுத்த பக்கத்தில் போதகரின் குறிப்பு: அவள் நின்றாள். பிள்ளைகள் நால்வரும் அவளோடு நின்றார்கள். பிள்ளைகளை அனுப்பிவிடச் சொன்னோம். அவள் மறுத்தாள்.

எஃபி உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்ன பொம்பளைடா இவ," என்றாள். பிறகு, "ஐயோ, டோர்க்வில்," என்றாள்.

தலைவரின் ரத்தம் இல்லை. அதோடு, மெக்ஸ்காரிக்.

குலச் சங்கத்தின் தலைவர் ஹெக்டர் எடின்பரோவில் வழக்கறிஞர். புத்தகம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்க அன்று மாலையே போன் பண்ணினார். எஃபி பெயர் எதையும் சொல்லாமல், ஒரு குடும்பத்தின் கதையில் 1745-க்கு முந்தி சங்கடமான செய்தி ஒன்று வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

"விட்டுடுங்க, எஃபி. 1745-ல ஆரம்பிச்சு எழுதுங்க. அதுக்கு முந்தி ஆவணம் இல்லைன்னு ஒரு வரி. யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

"பாவம், வயசானவரா இருந்தா மனசு உடைஞ்சிடும்."

"அதனாலதான் முதல்ல அவர்கிட்ட சொல்லப்போறேன். அவருக்கு முந்தி யாருக்கும் சொல்ல மாட்டேன், உங்களுக்கும்கூட," என்று போனை வைத்தாள்.

நான் அவளோடு போனேன். டோர்க்விலின் சமையலறையில் கொடி சுவரோரம் உறைக்குள் நின்றது. அவர் டீ போட்டார். எஃபி ஒன்றையும் சுற்றி வளைக்கவில்லை. பிரதியெடுத்த தாளை மேஜையில் விரித்து, வரிவரியாக விரல் வைத்து வாசித்துக் காட்டினாள். நீல் என்ற பெயரும் அதன் பின்னால் வந்த குலப்பெயரும் வந்தபோது டோர்க்விலின் காது மடல்கள் சிவந்தன.

"இது வேற யாரோ."

"பிள்ளைங்க பேர் பாருங்க. மூத்தவன் ஐயன். அவன் மகன்தான் டொனால்ட். நாலு இடத்துல சரிபார்த்துட்டேன்."

"மாவுக்கு," என்றார் டோர்க்வில். "பிச்சை மாவுக்கு."

"பிச்சை இல்லை, டோர்க்வில்."

"உன்னை நான் கேட்டது என்ன, நீ கொண்டு வந்தது என்ன? போ, எஃபி. ஆர்ச்சி, கூட்டிக்கிட்டுப் போ."

வேனில் ஏறி அவள் பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். பிறகு, "டீயைக்கூடக் குடிக்காம வந்துட்டோம்," என்றாள்.

ஐந்து வாரம் அவர் எஃபியின் கையால் கடிதம் வாங்கவில்லை. வேன் சத்தம் கேட்டால் கொட்டகைக்குள் போய்விடுவார். கடைக்கும் போகவில்லை, பக்கத்து ஊரில் போய் ரொட்டி வாங்கினார். ஜெஸ்ஸி தவித்துப்போனாள். "கிழவனுக்கு உடம்பு சரியில்லையா? நான் என்ன சொன்னேன், எப்பவும் சொல்றதைத்தானே சொன்னேன்!" என்று எஃபியிடம் கேட்டாள். எஃபி வாயைத் திறக்கவில்லை. நாற்பத்தேழு வீட்டுக் கடிதங்களைச் சுமப்பவளுக்கு ரகசியம் காப்பது புதிதல்ல என்றாலும், அந்த ஐந்து வாரத்தில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. நான் அருகிலிருந்து பார்த்தேன். அந்த ஒரு சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று எனக்கே தோன்றியது. அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஜூன் ஆரம்பத்தில், ஒரு மழை நாளில், டோர்க்வில் சாலையோரம் நின்று வேனைக் கை காட்டி நிறுத்தினார். அன்று எஃபிக்குக் கை வலி என்று நான் கூடப் போயிருந்தேன்.

"அவ எங்க நின்னா?" என்றார்.

"யாரு?"

"அவதான். எந்தக் கோவில்ல?"

சனிக்கிழமை மூவரும் மழையிலேயே அக்ரேக்குப் போனோம். கூரை இல்லாத பழைய தேவாலயம், உள்ளே காட்டுச்செடி, ஈரக்கல். கிழக்குச் சுவரோரம் ஒரு தட்டைக் கல்லை எஃபி காட்டினாள். தண்டனை பெற்றவர்கள் நிற்கிற இடம் அதுதான். டோர்க்வில் தொப்பியைக் கழற்றினார். கல்லின் மேல் ஏறவில்லை. பக்கத்தில் நின்றார்.

"ஒரு மூட்டைன்னா எவ்வளவு?"

"இப்போதைய கணக்குல அறுபது கிலோவுக்குக் கொஞ்சம் மேல."

"அவளும் நாலு பசங்களும். எத்தனை நாளைக்கு வரும்?"

"கஞ்சியா காய்ச்சி, கூட காட்டுக்கீரை, பாறையில ஒட்டியிருக்கற சிப்பி எல்லாம் சேர்த்தா... மார்ச்ல வாங்கியிருக்கா. ஜூன் வரைக்கும் இழுத்திருப்பா. ஜூன்ல பசு கறக்க ஆரம்பிச்சிடும், மீனும் வரும்."

"அப்போ பொழைச்சாங்க."

"நாலு பேரும் பொழைச்சாங்க. அந்த வருஷம் அக்ரேயில பதினாறு குழந்தை செத்துச்சு, டோர்க்வில். அவ வீட்டுல ஒண்ணும் இல்லை."

மழை அவர் தலையில் வழிந்தது. அதைக் கையால் வழித்துவிட்டுச் சொன்னார்: "நான் லாரி ஓட்டினப்ப, என் பொண்ணுக்கு நிமோனியா வந்துச்சு. அன்னைக்கு யாராவது வந்து உன் பேரைக் குடுன்னு கேட்டிருந்தா, அம்மா பேரையும் சேர்த்துக் குடுத்திருப்பேன்." பிறகு, "கொடியை வேற யார்கிட்டயாவது குடுக்கச் சொல்லு ஹெக்டர்கிட்ட," என்றார்.

எஃபிக்குக் கோபம் வந்தது. அவள் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை.

"ஏன் குடுக்கணும்? மாவு வாங்கின வீடுன்னு ஊருக்கே தெரியும்போதுதான் ஐம்பது வருஷத்துக்குள்ள அவ பேரன் கையில கொடியைக் குடுத்திருக்காங்க. பட்டியல்ல இருக்கு, என் கண்ணால பார்த்தேன். தலைவரோட சொந்தக்காரங்க எத்தனை பேர் இருந்தாங்க! அவங்களையெல்லாம் விட்டுட்டு இவனைக் கூப்பிட்டாங்க. அதை நீங்க யாரு மாத்தறதுக்கு?"

டோர்க்வில் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு, "உனக்கு நல்ல வாய் இருக்கு, எஃபி," என்றார்.

ஆகஸ்டில் குலக்கூடல். கோட்டைக்குக் கீழே உள்ள புல்வெளியில் கூடாரங்கள், தோல்பைக் குழல் இசை, கனடாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்த கூட்டம். தொடக்கத்தில் கொடி பிடிப்பவர் முன்னால் வந்து தன் வம்சத்தைச் சொல்வது வழக்கம்: இன்னாரின் மகன் நான், அவர் இன்னாரின் மகன் என்று. டோர்க்வில் கில்ட் என்ற கட்டம்போட்ட பாவாடை அணிந்து, கொடியோடு வந்து நின்றார். அப்பா பெயர், தாத்தா பெயர் என்று ஒவ்வொன்றாக மேலே போனார். டொனால்டைச் சொன்னார். டொனால்டின் அப்பா ஐயனைச் சொன்னார். அங்கே நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஐயன், பெஹக்கின் மகன். அவ ஒரு மூட்டை மாவுக்கு இந்தப் பேரை வாங்கினா. அந்த மாவுலதான் அவ பசங்க பொழைச்சாங்க. அதனாலதான் நான் இங்க நிக்கறேன். அதுக்கு முந்தி அவ புருஷன் பேர் நீல் மெக்ஸ்காரிக்."

பின் வரிசையில், பொரித்த மீன் விற்கும் கூடாரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஜெஸ்ஸியின் குரல் கேட்டது.

"அட கிழவா! நாற்பது வருஷமா என் சொந்தக்காரனுக்கா ரொட்டி வித்துட்டு இருந்தேன்? சொல்லியிருந்தா ஒரு பன்னாவது சும்மா குடுத்திருப்பேனேடா!"

"இப்பக் குடு!" என்றார் டோர்க்வில்.

சிரிப்பு புல்வெளி முழுக்கப் பரவியது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், பிறகு எல்லோரும். மாவு கொடுத்த அந்தப் பழைய தலைவரின் வழிவந்த இன்றைய குலத்தலைவர், தொண்ணூறு வயதுக் கிழவி, நாற்காலியிலிருந்து எழுந்து வந்து டோர்க்விலின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆள் குடுத்த மாவு நல்ல மாவுதானா?" என்று கேட்டார். ஹெக்டர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஃபி எங்கே என்று தேடினேன். அவள் கூடாரத்துக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தாள். அவளை அங்கேயே விட்டுவிட்டேன்; அது அவளுடைய நேரம். இவளைக் கட்டிக்கொண்டது நான் வாழ்க்கையில் செய்த ஒரே புத்திசாலித்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலத்துக்குள் அவள் மேஜைக்கு முன்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். எங்கள் குடும்பமும் மாவு வாங்கியதாக இருக்குமோ, பார்த்துச் சொல்ல முடியுமா என்று. கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஒரு பெண் வெட்கப்பட்டுக்கொண்டு, "அப்படி இருந்தா எனக்குச் சந்தோஷம்தான்," என்றாள். எஃபி ஒவ்வொருவரிடமும் ஊர் பெயரையும் கல்லறை இருக்கும் இடத்தையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

பெஹக்கின் நாலு பிள்ளைகளில் மூவர் என்ன ஆனார்கள் என்று இப்போது தெரியும். கடைசிப் பெண் மட்டும் 1711-க்குப் பிறகு எந்தப் பதிவிலும் இல்லை. அவளைத் தேடித்தான் போன வாரம் ஸ்கை தீவுக்குப் போனோம். டோர்க்வில் வண்டி ஓட்டினார். லாரி ஓட்டியவர், என்னை நம்பமாட்டேன் என்றுவிட்டார். எஃபி பக்கத்தில் வரைபடத்தோடு. இரண்டு பேரும் வழி முழுக்க ஒரு பெயரின் எழுத்துக் கூட்டலைப் பற்றிச் சண்டை போட்டார்கள். நான் பின் சீட்டில், ஜெஸ்ஸி கொடுத்தனுப்பிய பன்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.