லீவு ஃபாரத்தில் ஓர் ஊர்ப் பெயர்

...மேட்டுப்பாளையம் என்று எழுதினால் நாலு நாள் லீவும் போய்விடும், எழுதாவிட்டால் மலை ரயில் போய்விடும், எது போனால் பரவாயில்லை என்றுதான் கஜபதிக்குப் பிடிபடவில்லை. ஃபாக்டரி வாசலில் சைக்கிள் சீட்டின் மேல் ஃபாரத்தை விரித்துவைத்து, பேனா மூடியைக் கடித்துக்கொண்டு நின்றான். இரண்டாவது சங்கு ஊதுவதற்குள் டைம் ஆபீஸ் பால்ராஜிடம் கொடுத்தாக வேண்டும். ராணுவத்துக்கு வண்டி செய்கிற இடம், வெளியூரில் தங்கினால் ஊர்ப் பெயர் எழுதியே தீரவேண்டும், அன்றன்றே ஆவடிக்குத் திரும்புகிறவனுக்கு அந்தக் கட்டம் காலி. நூலளவு பிசகாமல் இரும்பு கடைகிற கைக்கு ஒரு சின்னக் கட்டம் மூன்று நாளாகத் தண்ணி காட்டுகிறது. அடுத்த புதன்கிழமை அவன் மனைவி கஸ்தூரி கப்பலேறுகிறாள், போர்ட் பிளேரில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை, இரண்டு வருஷம். மலை ரயிலில் போய்வந்தால் புதன்கிழமைக்கு லீவு மிஞ்சாது, துறைமுகத்துக்கு அவன் போக முடியாது. மகாபலிபுரம் ஒரு நாள், திருத்தணி ஒரு நாள், பூண்டி ஏரி ஒரு நாள் என்று பஸ் பிடித்துப் போய்ப் பொழுது சாய வீடு திரும்பினால், நாலாவது நாள் கப்பலுக்கு இருக்கும். கணக்கு இவ்வளவு சுலபம், அப்புறம் ஏன் முழிக்கிறான்?

கல்யாணமான புதிதில் வாய் கொடுத்தவன் அவன்தான், அடுத்த மே மாசம் ஊட்டி ரயில் என்று. ஒரு மே மாசம் தங்கை ராஜம்மா கல்யாணம், ஒரு மே மாசம் கஸ்தூரிக்குப் பரீட்சை, மற்ற மே மாசங்கள் எங்கே போயின என்று அவனுக்கே தெரியாது, ஆறு வருஷம் ஓடிவிட்டது. இப்போதும் கூட்டிப் போகாவிட்டால் நான் என்ன மனுஷன்... ஆனால் அந்தப் பெட்டியில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து என்ன பேசுவது? ஷிப்டு, சோறு, தூக்கம் தவிர இரண்டு பேரும் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்ததுண்டா? நடுவழியில் அவள் கப்பலேறப் போவதில்லை என்று சொல்லிவிட்டால்? சொல்லாமலே இருந்துவிட்டால்? இரண்டுக்கும் பயமாக இருந்தது. மகாபலிபுரம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, பூந்தமல்லியிலிருந்து ராஜம்மா பிள்ளைகளோடு வந்து ஒட்டிக்கொள்வாள், ஒருத்தன் செருப்பைத் தொலைப்பான், ஒருத்தி வாந்தியெடுப்பாள், பேச நேரமே இருக்காது. அதுவும் சரிதானா?

“இன்னா நைனா, பரீட்சையா எழுதுற? குடு, சங்கு ஊதப் போவுது” என்றான் பால்ராஜ்.

“இரு அண்ணாத்தே. ஊரு இன்னும் முடிவாவல.”

“ஊட்ல கேட்டியா இல்லியா?”

கேட்டான், காலையில்தான். கேரியரில் சோறு வைத்துக்கொண்டே, திரும்பாமல் சொன்னாள், “மல ரயிலுக்கே போலாம்யா. கப்பலண்ட எங்க அண்ணன் வந்துக்குவாரு, நீ வேலைக்குப் போ.” கேட்டதும் என்ன சந்தோஷம், ரயில்மேல் இன்னும் ஆசை வைத்திருக்கிறாளே என்று. அதை நினைத்ததும் பேனா ஓடியது, மே... ட்டு... நெஞ்சு லேசானது. எதற்கு லேசாகிறது? மலையை நினைத்தா? மலை எங்கே வந்தது, கண்ணில் நின்றது புதன்கிழமையல்லவா, லேத் முன்னால் தலை குனிந்து நிற்கிறான், காது நிறைய இரும்புச் சத்தம், கப்பல் புறப்பட்டதை யாரும் வந்து சொல்லப்போவதில்லை... அம்மா செத்த மூன்றாம் நாளே ஷிப்டுக்கு ஓடியவன் அவன். எல்லோரும் கல்நெஞ்சன் என்றபோது கஸ்தூரி மட்டும் ஒன்றும் கேட்கவில்லை, சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினாள். அப்படியானால் இன்று காலை அவள் சொன்னது? திருப்பதி மலைப் பாதையில் பஸ் வளைந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவளுக்கு மலை ரயில்மேல் என்ன ஆசை இருக்க முடியும், கப்பல் போவதை இவன் நின்று பார்க்க வேண்டாம் என்பதைத் தவிர?

சங்கு ஊதியது. பால்ராஜ் கையை நீட்டினான். ‘மேட்டு’ வரைக்கும் எழுதியிருந்தது, அதை அடிக்கவும் கை வரவில்லை, முடிக்கவும் வரவில்லை, அவள் ஏன் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள் என்பது மட்டும் அவனுக்கு இப்போது தெரிந்துவிட்டது.