நின்றுபோன படம்

புதன்கிழமை மதியம் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை நான் கல்வராயன் மலையில் வைத்தியம் பார்க்கிறேன். மலைக்குப் போவதில்லை. கள்ளக்குறிச்சியில், மருத்துவமனை மாடியில், முன்பு உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எதிரே ஒரு கணினி. அதன் மறுமுனையில், வெள்ளிமலைக்கு அப்பால், இரண்டு அறைகள் கொண்ட ஒரு துணை சுகாதார நிலையம். அங்கே இலக்கியா என்ற செவிலியர் ஒவ்வொருவராக நாற்காலியில் உட்காரவைப்பார். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், இலக்கியா மாத்திரை கொடுப்பார்.

ஆரம்பத்தில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. என் அத்தா பஷீர் அகமது கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். எந்தத் துணி வந்தாலும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்க்காமல் வாங்கமாட்டார். நானும் வைத்தியத்தைக் கையால்தான் கற்றுக்கொண்டேன். வயிற்றை அழுத்திப் பார்ப்பது, கீழிமையை இழுத்துப் பார்ப்பது, நகத்தை அமுக்கி நிறம் திரும்புகிறதா என்று பார்ப்பது. திரைக்கு முன்னால் கைகளுக்கு வேலை இல்லை. முதல் சில மாதங்கள் அவற்றை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நான் மெதுவாகப் பேசுகிறவன். ஒன்றைக் கேட்டபின் அதை மனதுக்குள் புரட்டிப் பார்க்க எனக்கு நேரம் வேண்டும். கள்ளக்குறிச்சி நோயாளிகளுக்கு இது பழகிவிட்டது. என் மனைவி ஷிரின், "உங்ககிட்ட ஒரு கேள்வியக் கேட்டுட்டு, போய் டீ போட்டு எடுத்தாந்துடலாம், அதுக்குள்ள பதில் வந்தா அதிசயம்" என்பாள். ஆனால் மலையில் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். பேசிக்கொண்டே இருக்கும்போது என் முகம் அப்படியே நின்றுவிடும், குரலும் வராது. கொஞ்ச நேரம் காத்திருந்தால் தானாகவே வந்துவிடும் என்று இலக்கியா எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்திருந்தார். நான் யோசிப்பதற்கும் படம் நின்றுபோவதற்கும் அங்கே யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

"சார், யோசிக்கிறப்ப தலையயாவது ஆட்டிக்கினு இருங்க. நெட்டு போச்சுன்னு எழுந்து போயிடறாங்க" என்று இலக்கியா ஒருமுறை கேட்டுக்கொண்டார். நான் இரண்டு வாரம் தலையை ஆட்டிப் பார்த்தேன். பிறகு மறந்துவிட்டேன்.

நாராயணசாமி மாதம் தவறாமல் வருகிறவர். ஐம்பத்தைந்து வயது. மரவள்ளியும் சாமையும் போடுகிறார். இரண்டு வருடமாகச் சர்க்கரை நோய். நான் பார்ப்பவர்களில் அவரைப்போல ஒழுங்கானவர் குறைவு. தீர்ந்துபோன மாத்திரை அட்டைகளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாகத் திரையில் பிடித்துக் காட்டுவார். ஒரு மாத்திரைகூட மிச்சமிருக்காது. ஆனாலும் சர்க்கரை இறங்கவில்லை. அளவை ஒரு மில்லிகிராமிலிருந்து இரண்டாக்கினேன். இரண்டிலிருந்து நான்காக்கினேன். வெறும் வயிற்றில் இருநூற்று நாற்பதுக்குக் கீழே அது வரவே இல்லை.

அவரோடு எப்போதும் ஒருவர் வருவார். திரையின் ஓரத்தில் ஒரு புடவை முந்தானை தெரியும், சில நேரம் பையை நீட்டும் ஒரு கை. யார் என்று முதல் மாதம் கேட்டேன். "எங்க வூட்டுக்காரி சார், தொணைக்கு வந்துருக்குது" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடுத்த மாதமும் இறங்கவில்லை என்றால் இன்சுலின் ஊசிதான் என்று கார்த்திகையில் சொல்லியிருந்தேன். அவர் முகம் இருண்டுவிட்டது. அவருடைய அண்ணன் ராமசாமிக்கு ஊசி ஆரம்பித்த ஆறாம் மாதம் சேலத்தில் காலை எடுத்தார்கள் என்று பிறகு இலக்கியாவிடமிருந்து தெரிந்தது. ஊசி என்றால் அடுத்தது கால் என்பதுதான் அவருடைய கணக்கு. நோய் முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனதால்தான் அண்ணனுக்குக் கால் போனது, ஊசியால் அல்ல என்று இலக்கியா எடுத்துச் சொல்லியிருக்கிறார். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை அவர் மறுபடி வந்து உட்கார்ந்தார். திரையில் தெரிந்த ஜன்னலுக்கு வெளியே, மதியமாகியும் பனி இன்னும் கலையவில்லை. இலக்கியா சுவெட்டர் போட்டிருந்தார். காலையில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை இருநூற்று நாற்பத்தாறு.

நாராயணசாமி வலது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊசி எவ்வளவு சிறியது என்று கண்ணால் பார்த்தால் பயம் கொஞ்சம் குறையும் என்று நினைத்து, ஒன்றைக் கொண்டுவந்து காட்டும்படி இலக்கியாவிடம் சொன்னேன். அவர் பக்கத்து அறைக்குப் போனார்.

நான் பேசாமல் இருந்தேன். தவறு எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மாத்திரை சரி, அளவு சரி, அட்டைகள் காலி. சாப்பாட்டைப் பலமுறை கேட்டாயிற்று. இந்த மனிதர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்தால், ஒருமுறை அவருடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தால், எனக்கு வேறு ஏதாவது தெரிந்திருக்குமோ? இந்த அறையில் உட்கார்ந்துகொண்டு நான் அந்த மக்களுக்கு வைத்தியம் செய்கிறேனா, வைத்தியம் நடப்பதுபோல் ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கிறேனா? இந்தக் கேள்வி அன்று புதிதாக வந்ததல்ல. அன்று கொஞ்சம் அதிக நேரம் தங்கியது.

நாராயணசாமி திரையைப் பார்த்தார். கொஞ்சம் சாய்ந்தும் பார்த்தார்.

"நின்னுபோச்சு போல" என்றார்.

அப்போது முந்தானை படத்துக்குள் வந்தது, அதன் பின்னாலேயே ஒரு முகமும். இரண்டு வருடத்தில் முதல்முறையாக அந்த அம்மாளைப் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், சின்ன மூக்குத்தி. குனிந்து, சுவரில் மாட்டிய படத்தைப் பார்ப்பதுபோல் என்னை அருகில் வந்து பார்த்தார்.

"ஆமாய்யா, ஆடவே காணோம். பாவம், கண்ணத் தொறந்துக்கினே நின்னுட்டாரு."

உடனே ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சரியான வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர்கள் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஊசி எடுக்கத்தான் போயிருக்குது அந்தப் பொண்ணு. இப்பவாவது சொல்லிடு" என்றார் அந்த அம்மாள்.

"இன்னான்னு சொல்லச் சொல்ற?"

"மாத்திரயப் பாதி பாதியா முழுங்கறோம்னு சொல்லு. இனிமே முழுசும் நீயே போட்டுக்க. தன்னால எறங்கிடும்."

"உனுக்கு? எனுக்கு இன்னா இருக்குதோ அதுதான உனுக்கும் இருக்குது. அசதி, காலு எரிச்சல். ஒரே சட்டியிலதான துண்றோம்." நாராயணசாமியின் குரல் தணிந்தது. "சீட்டு வூட்டுக்குத்தான குடுக்கறாங்க. ரேசன் அரிசிய வாங்கியாந்து நானே துண்ணுடறனா?"

அட்டைகள் ஏன் ஒருநாளும் மிச்சமில்லாமல் வந்தன என்று அப்போது புரிந்தது. மாதாமாதம், நோயாளிச் சீட்டில் முத்திரை குத்தி, பெயரைக் கூப்பிட்டு மாத்திரை கொடுக்கிறோம். வேறு எதுவெல்லாம் அப்படி வருகிறதோ, அதுவெல்லாம் வீடு முழுவதற்கும் வருவது. மாத்திரை மட்டும் ஒருவருக்கு என்று அவரிடம் நாங்கள் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதுமில்லை.

அந்த அம்மாள் பேசிக்கொண்டிருந்தார். "எனுக்கு ஒத்துக்கலய்யா. போன தபா மாத்திரய மாத்துனதுலேர்ந்து கண்ண இருட்டிக்கினு வருது. அன்னிக்கிக் காட்டுல வுழுந்தனே, மறந்துட்டியா?"

"இன்னிக்கி எதுனா துண்ணியா?"

"இல்ல. மாத்திர மட்டும் போட்டுக்கினேன். வயிறு பெரட்டிக்கினே இருந்துச்சி." முந்தானையால் நெற்றியைத் துடைத்தார். கழுத்தையும் துடைத்தார்.

மார்கழிப் பனியில், சுவெட்டர் போட வேண்டிய குளிரில், அந்த அம்மாளுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது.

"அம்மா, கைய நீட்டிக் காட்டுங்க" என்றேன்.

நாராயணசாமியின் நாற்காலி பின்னால் நகர்ந்து சுவரில் இடித்தது. அந்த அம்மாள் மட்டும், சொன்னபடியே கையை நீட்டினார். விரல்கள் நடுங்கின. நான் இலக்கியாவை உரக்கக் கூப்பிட்டேன். இன்சுலின் ஊசியோடு ஓடிவந்த அவரிடம், அதை வைத்துவிட்டு அந்த அம்மாளின் விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொன்னேன். நாற்பத்தெட்டு இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கினால் மயக்கம், அதற்கும் கீழே போனால் உயிருக்கு ஆபத்து.

ஐந்து ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கச் சொன்னேன். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், எழுபதைத் தாண்டவில்லை என்றால் 108 வண்டியைக் கூப்பிட்டுவிட வேண்டும் என்றேன். வண்டி மலையேறி வந்து இறங்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்கும் இலக்கியாவுக்கும் தெரியும்.

பிறகு கால் மணி நேரம். அங்கே மூன்று பேர், இங்கே நான். அந்த அம்மாள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நாராயணசாமி அவருடைய முதுகில் உள்ளங்கையை வைத்திருந்தார். இணைப்பு ஒருமுறைகூட அறுந்துபோகவில்லை. நான் என் வாழ்க்கையில் நிறைய நேரம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவ்வளவு நீளமான கால் மணி நேரம் எனக்கு நினைவில்லை.

தொண்ணூற்றிரண்டு என்று இலக்கியா படித்தார். தன் மதிய டப்பாவில் மீந்திருந்த தயிர்சாதத்தை அந்த அம்மாளுக்குக் கொடுத்தார். இந்த மாத்திரை மறுபடியும் சர்க்கரையைக் கீழே இழுக்கக்கூடியது என்பதால், மறுநாள் காலை வரை வீட்டுக்குப் போகாமல் இலக்கியாவின் குடியிருப்பிலேயே தங்க வேண்டும் என்றேன். சம்மதித்தார்கள்.

அவர்கள் பேசியது முழுவதையும் கேட்டேன் என்பதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "படம் நிக்கலிங்க. நான்தான் பேசாம இருந்தேன். மன்னிச்சுக்குங்க" என்றேன்.

நாராயணசாமி தரையைப் பார்த்தார். அந்த அம்மாள் கணவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு மனுசன் அம்மாந்நேரம் கண்ணு கொட்டாம குந்தினு இருப்பாரா? இவரு வூட்டுல இருக்கறவங்க எப்டித்தான் காலம் தள்றாங்களோ."

இலக்கியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. எனக்கும் சிரிப்பு வந்தது. அதன்பிறகுதான் அந்த அம்மாளின் பெயரைக் கேட்டேன். ரங்கம்மாள் என்றார்.

அந்த மாத அறிக்கையில், இணைப்பு எத்தனை முறை தடைப்பட்டது என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் புதனுக்கு நேராகச் சுழியம் என்று எழுதினேன். நடந்ததைக் கூட்டங்களில் நான் உதாரணமாகச் சொல்வதில்லை. இயந்திரத்தின் திறமை என்றோ என் திறமை என்றோ அதைச் சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெரியும். அவர்கள் இருவரும் மலையிறங்கி, பஸ் பிடித்து, கள்ளக்குறிச்சியில் என் அறைக்கு வந்திருந்தால், ரங்கம்மாள் வராந்தா பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார். நான் நாராயணசாமியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஊசிக்கு எழுதிக் கொடுத்திருப்பேன்.

ரங்கம்மாளுக்குச் சர்க்கரை நோயே இல்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது. ரத்தத்தில் ஹீமோகுளோபின்தான் பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழு இருந்தது. அசதிக்கும் மயக்கத்தில் பாதிக்கும் அதுவே காரணம். அவர் பெயரில் தனிச் சீட்டு போட்டு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தோம். நாராயணசாமிக்கு நான் உயர்த்திக்கொண்டே போன அளவை மூன்று மில்லிகிராமாகக் குறைத்து, முழுசாக விழுங்கச் சொன்னேன். இலக்கியா வாராவாரம் பார்த்து எனக்கு எண்ணைச் சொல்வார். எண் ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் இறங்கியது.

பங்குனியில் அவர்கள் வந்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை நூற்று முப்பத்தெட்டு. இலக்கியா சொன்னதும் நாராயணசாமி, "இன்னொரு தபா படிங்க" என்றார். இலக்கியா படித்தார். ஊசி தேவையில்லை என்று நான் சொன்னேன். அவர் முழங்காலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு, இந்த வருடம் மரவள்ளி நன்றாக வந்திருப்பதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார். அதற்கும் சர்க்கரைக்கும் தொடர்பில்லை. கேட்க நன்றாக இருந்தது.

அவர் எழுந்ததும் ரங்கம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தார். சீட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார்.

"நீ கொஞ்சம் வெளிய இருய்யா."

"நான் எதுக்கு?"

"இரு, சொல்றன்."

நாராயணசாமி என்னைப் பார்த்தார், இலக்கியாவைப் பார்த்தார், பிறகு வெளியே போனார். ரங்கம்மாள் கதவு சாத்தும்வரை காத்திருந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். இரும்பு மாத்திரை போட்டதிலிருந்து வெளிக்குக் கறுப்பாகப் போகிறது, அது ஏதாவது கெட்டதா என்று கேட்டார். அந்த மாத்திரைக்கு அப்படித்தான் போகும், பயம் இல்லை என்றேன். தலையாட்டினார். எழுந்திருக்கவில்லை. சீட்டின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தார். நானும் அவசரப்படுத்தவில்லை.

"இன்னொண்ணு கீது, டாக்டரே. ரெண்டு வருசமா இருக்குது. யாராண்டயும் சொன்னதில்ல" என்று ஆரம்பித்தார். "மாசத்துல மூணு நாளு இருந்தது, இப்ப பத்து நாளு நிக்காமப் போவுது."

அந்த உடம்பில் ஏன் ரத்தமே இல்லாமல் போனது என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் பேனாவை எடுத்து அவர் பெயரை எழுதி, அதன்கீழ் ஒரு கோடு போட்டேன். எப்போது ஆரம்பித்தது, வலி உண்டா என்று கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னார். ஒருநாள் கீழே வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும் என்றதும், இலக்கியாவும் கூட வந்தால் வருவதாகச் சொன்னார். இலக்கியா சரி என்றார்.

நான்கு மணி தாண்டியிருந்தது. ரங்கம்மாள் சொல்வதற்கு இன்னும் இருந்தது.