நாலு ஸ்பீக்கரிலும் கிளமிடியா

பயிற்சிக் கார் நாற்சந்தியின் நடுவில் செத்து நின்றால், பழி கற்றுக்கொள்கிறவர் தலையில்தான் விழும். அன்று பிரேக்கை மிதித்ததோ டிரைவிங் மாஸ்டரின் கால். ஆபத்துக்கென்று அவர் பக்கம் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஊர் உயிரைக் காக்க வைத்ததை, மாஸ்டர் தன் மானத்தைக் காக்க மிதித்தார். அது ஏற்கெனவே கப்பலேறியிருந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் அவர் மனைவியின் அக்கா, அவருக்கு அண்ணி முறை. ஓரமாக எஞ்சினை அணைத்து நிறுத்தியிருந்தபோதுதான் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. நர்ஸ் முறையாகத்தான் கேட்டார், "தனியா இருக்கீங்களா சார்?" சிறுநீர் எரிச்சலை உடல் சூடு என்று சொல்லிக் குடம் குடமாகத் தண்ணீர் குடித்து, கடைசியில் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுத் தவித்துக்கொண்டிருந்த மாஸ்டர், வாயைப் பொத்திக்கொண்டு, "தனியாத்தான், சொல்லுங்க" என்றார். அண்ணியின் காதுக்கு வேலை கொடுக்காமல் கைக்குக் கொடுப்போம் என்று, "எடுங்க, எடுங்க" எனச் சைகையும் காட்டினார். அண்ணி சாவியைத் திருப்பினார். கார் கிளம்பி நாற்சந்திக்குள் நுழைந்தது. காலையில் பாட்டுக் கேட்க இவரே புளூடூத்தில் இணைத்து வைத்த போனும், எஞ்சின் உயிர் பெற்றதும் சமர்த்தாகக் காரோடு ஒட்டிக்கொண்டது.

"உங்களுக்குக் கிளமிடியா சார். உடலுறவு மூலமா பரவுற தொற்று. மாத்திரையில குணமாயிடும். உங்க மனைவியும் வரணும்" என்றன நான்கு ஸ்பீக்கர்களும்.

பிரேக். பின்னால் ஹாரன் கச்சேரி.

"நான் ஒண்ணும் பண்ணலையே மாப்பிள்ளை?"

"இல்ல அண்ணி, நான்தான்."

"அதான் நாலு ஸ்பீக்கர்லயும் கேட்டேனே."

"அவ என்னை விட்டுப் போயிடுவாளா அண்ணி?"

"எனக்கு இண்டிகேட்டரே இன்னும் பிடிபடல. அவ மனசு எனக்கெங்க பிடிபடும்?"

மதியம் மாஸ்டர் டாக்டரைப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு டாக்டர்? கல்யாணமாகி ஆறு மாசம்தான் ஆகுது."

"அது பரிசோதனையில தெரியாது. பல பேருக்கு அறிகுறியே இல்லாம மாசக்கணக்கா உள்ளயே இருக்கும். யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு பஞ்சாயத்து வைக்காதீங்க. ஏழு நாள் மாத்திரை, ரெண்டு பேரும். முடியிற வரைக்கும் தள்ளிப் படுங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பரிசோதனை. உங்க மனைவியைக் கவனிக்காம விட்டா, பின்னாடி கர்ப்பத்துக்கே சிக்கலாகலாம்."

"விட்டுட்டுப் போயிடுவாளா டாக்டர்?"

"அதுக்கு எங்கிட்ட மாத்திரை இல்ல."

மாலை வீட்டில் மனைவி அவர் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மாஸ்டர் வெயிலில் தொடங்கி, நாற்சந்தி நெரிசலைச் சுற்றி, ஊர்ப்பட்ட கதையெல்லாம் பேசி, "உடம்புன்னு இருந்தா…" என்று இழுத்தார்.

"அக்கா மதியமே சொல்லிட்டா" என்றாள் நிமிராமல். "நானும் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துட்டு, மாத்திரையும் வாங்கிட்டு வந்துட்டேன்."

மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார். "கல்யாணத்துக்கு அப்புறம் சத்தியமா யாரும் இல்ல. முன்னாடிதான்…"

"எனக்கு மட்டும் முன்னாடின்னு ஒண்ணு இல்லையா? என்கிட்டேருந்துகூட வந்திருக்கலாம்."

அது அவர் மூளையில் உதிக்கவே இல்லை. இஸ்திரிப் பெட்டி காலரைத் தாண்டும்வரை காத்திருந்து கேட்டார்:

"என்னை விட்டுப் போயிடுவியா?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

"கிருமிக்காகப் போக மாட்டேன். ஆனா இன்னொரு தடவை நம்ம வீட்டு விஷயம் அக்கா சொல்லி எனக்குத் தெரிஞ்சுதுன்னா, போயிடுவேன்."