சாரனில் ஊற்றிய தண்ணீர்

மைமூனாவுக்கு நகை நட்டில் பெருமை கிடையாது. இருந்ததையெல்லாம் சுனாமி கொண்டுபோய்விட்டது. அவளுடைய பெருமை முழுவதும் புருஷனின் முதுகில்தான் இருந்தது. சாய்ந்தமருதில் ‘முதுகு ஆதம்பாவா’ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடல் ஊருக்குள் வந்த அன்று, கழுத்தளவுத் தண்ணீரில் நின்று, கைக்கு அகப்பட்டவர்களையெல்லாம் முதுகில் ஏற்றிப் பள்ளிக்கூட மாடியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர் அவர். கல்யாண வீடோ சாவு நடந்த மையத்து வீடோ, மைமூனா போய் உட்கார்ந்தால் அந்தக் கதை வராமல் இருக்காது. வராவிட்டால் அவளே இழுத்துக்கொண்டு வருவாள்.

அப்பேர்ப்பட்ட முதுகு, நாட்டில் சண்டை முடிந்த வருஷத்து நோன்பு மாதத்தில் படுத்துவிட்டது. இறக்காமத்தில் சிறுபோக நெல் மூட்டையை லொறியில் ஏற்றும்போது முதுகின் அடியில், நாரியில் ஏதோ ‘டக்’ என்றதாம். முதலில் ஒரு காலில் நோவு இறங்கியது. எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு கால்களிலும் இறங்கியது. “நோன்புக் களைப்பு” என்று ஆதம்பாவா தானே தீர்ப்புச் சொல்லிவிட்டார். பின்னேரம் அஸர் தொழ நின்றவர் குனிந்த இடத்திலேயே மடிந்து விழுந்த பிறகுதான், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, மைமூனா ஓட்டோவைக் கூப்பிட்டாள்.

கல்முனைக்குப் போகிற வழியில்தான் அது நடந்தது. ஓட்டோ ஒரு குழியில் விழுந்து எழுந்தது. மைமூனா தற்செயலாகக் கீழே பார்த்தாள். புருஷன் இடுப்பில் உடுத்திருந்த சாரன் மடியில் நனைந்து, ஈரம் பரவிக்கொண்டிருந்தது. அவருக்கோ அது தெரியவே இல்லை. தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் காதோடு சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார். கடலுக்குப் பயப்படாத மனுஷன், ஓட்டோக்காரனின் கண்ணாடிக்குப் பயந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மைமூனா யோசித்துக்கொண்டிருக்கவில்லை. நோன்பு திறக்கக் கொண்டுவந்த தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகி, முழுவதையும் அவர் மடியில் கவிழ்த்தாள். “யா அல்லாஹ், போத்தல் கொட்டுண்டுட்டே!” என்று ஓட்டோக்காரனுக்குக் கேட்கும்படி சத்தமும் போட்டாள். ஆதம்பாவா அவள் கையைப் பிடித்து ஒருதரம் அழுத்தினார். முதுகு ஆதம்பாவாவின் மானத்தைத் தான் காப்பாற்றிவிட்டதாக அவளுக்கு அப்போது ஒரு பெருமை வந்தது, பாருங்கள், அது கொஞ்சநஞ்சமல்ல.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்று டொக்டர் துசாந்தினி இருந்தாள். கல்முனைத் தமிழ்ப் பிள்ளை, சின்ன வயது. மைமூனாவுக்குப் பார்த்ததும் மனம் ஒப்பவில்லை. இந்த முதுகைப் பார்க்க இவளா?

“டொக்டர், இது சும்மா முதுகில்ல. ஊருக்கே தெரிஞ்ச முதுகு. உடன எக்ஸ்றே எடுங்க” என்றாள்.

“நாரி நோவோட வாற எல்லாருக்கும் எக்ஸ்றே தேவல்ல ராத்தா. கனபேருக்கு நோவுக் குளிசையும், படுத்துக் கிடக்காம நடமாடுறதும் போதும். ஆனா அனுப்புறதுக்கு முன்ன நான் சிலது கேட்கோணும்.”

எக்ஸ்றேயும் இல்லையாம், வெறும் கேள்வியாம். மைமூனா உதட்டைச் சுழித்தாள்.

“காக்கா” என்று அண்ணன் முறை வைத்து ஆதம்பாவாவைக் கூப்பிட்டாள். “ஒண்ணுக்குப் போறது எப்பிடி?”

“நோன்பு புள்ள. குடிச்சாத்தானே போறதுக்கு” என்று ஆதம்பாவா சிரித்தார்.

“கால் ரெண்டும் சோர்ற மாதிரி இருக்கா?”

“அதுவும் நோன்புதான்.”

“கழுவக்குள்ள தண்ணி படுறது விளங்குதா?”

ஆதம்பாவாவின் சிரிப்பு நின்றது. “விளங்குது” என்ற பதில் கொஞ்சம் பிந்தித்தான் வந்தது.

“சாரன் ஏன் இப்பிடி ஈரம்?”

“போத்தல் கொட்டுண்டுட்டு” என்று மைமூனா முந்திக்கொண்டாள். வெறும் போத்தலைச் சாட்சிக்குத் தூக்கியும் காட்டினாள்.

டொக்டர் திரையை இழுத்து, இடுப்புக்குக் கீழே தொட்டுப் பார்க்க வேண்டும் என்றாள். ஆதம்பாவா சாரனை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “ஆம்பிள டொக்டர் இருந்தாக் கூப்பிடுங்க.”

“அவர் விபத்துக் கேஸோட ஒப்பரேசன் தியேட்டர்ல நிக்கிறார், காக்கா. வர நேரம் எடுக்கும்.”

“அப்ப குளிசையத் தாங்க. நோன்பு தொறக்க ஊட்டுக்குப் போகோணும்.”

துசாந்தினி பேனையைக் கீழே வைத்தாள். ஆதம்பாவாவை விட்டுவிட்டு மைமூனாவின் பக்கம் திரும்பினாள்.

“ராத்தா, நான் வெக்கப்படுத்துறதுக்குக் கேட்கல்ல. நாரிக்குள்ளால போற நரம்பெல்லாம் நசிஞ்சா, ஒண்ணுக்குப் போறது விளங்காது, கழுவுற இடம் மரத்துப் போகும், காலும் சோரும். அப்பிடியெண்டா உடன ஒப்பரேசன் செய்யோணும். பிந்தினா நடை போயிரும். ஒண்ணுக்கு அடக்குறது ஆயுசுக்கும் ஏலாமப் போகும். அப்பிடி ஒண்டும் இல்லயெண்டு நீங்க சொன்னா, நான் குளிசையத் தாறன்.”

மைமூனா புருஷனைப் பார்த்தாள். சொல்லாதே என்று அவர் கண்கள் கெஞ்சின. இத்தனை வருஷத்தில் அவரைக் குறைத்து ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. இப்போது வாயைத் திறந்தால், அவர் பொத்திப் பிடித்திருக்கும் மானத்தைக் கட்டின பெண்டாட்டியே ஒரு சின்னப் பிள்ளையின் முன்னால் உரித்துப் போட்டவளாவாள். திறக்காவிட்டால், பள்ளிக்கூட மாடிக்கு ஏறிய அந்தக் கால்கள் கட்டிலோடு போய்விடும். அழுகை வந்தது. அந்த அழுகையோடுதான் சொன்னாள்.

“போத்தல் கொட்டுப்படல்ல டொக்டர். நான்தான் ஊத்தின.”

“மைமூனா!”

லொறிக்காரர்களையே நிறுத்துகிற குரல் அது. அவள் நிற்கவில்லை.

“ஓட்டோவுல அவருக்கு விளங்காமலே போயிட்டு. நான் செல்லித்தான் குனிஞ்சு பார்த்தார். ஆக்கள் காணப்போடாதெண்டு தண்ணிய ஊத்தினன்.”

ஆதம்பாவா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு டொக்டர் தொட்டதற்கும் பார்த்ததற்கும் அவர் ஒரு மறுப்பும் சொல்லவில்லை. ஊசியால் மெல்லக் குத்திக் குத்தி “விளங்குதா?” என்று கேட்டபோது, “இல்ல” “இல்ல” என்று சுவருக்குச் சொன்னார்.

ஆண் தாதி றுமைஸ் சிறுநீர்க் குழாய் போட்டதும், கட்டிலில் தொங்கிய பை நிரம்பிக்கொண்டே வந்தது. ஒன்றுமே குடிக்காத நோன்பாளியிடமிருந்து இவ்வளவா என்று மைமூனா வாயைப் பொத்தினாள்.

“குளம் நிரம்பி வான் பாயுறதக் கண்டிருப்பீங்கதானே? உங்களுக்கு நடந்ததும் அதுதான் காக்கா” என்றாள் துசாந்தினி. “உள்ளுக்க நிறைஞ்சு, வழிஞ்சிருக்கு.”

சொல்லிக்கொண்டே, நரம்பு ஒப்பரேசன் செய்கிற கண்டி ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கே யாரோ காலை வரை பொறுக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். “ஏலாது சேர், இப்பவே அனுப்புறன்” என்று அவள் சொன்ன தோரணையில், மைமூனாவின் மனதில் அந்தப் பிள்ளைக்கு ஐந்தாறு வயது கூடிவிட்டது.

“வாயில ஒண்டும் குடுக்க வேணாம் ராத்தா. ஒப்பரேசனுக்கு வயிறு வெறுமையா இருக்கோணும். காக்கா நோன்பெண்டது இண்டைக்கு நல்லதாப் போச்சு.”

அம்புலன்ஸில் ஏற்றும்போது துசாந்தினி தன்னுடைய தண்ணீர்ப் போத்தலை மைமூனாவின் கையில் வைத்தாள். “உங்கட போத்தல்தான் வெறுமையாச்சே.”

அம்பாறை வீதிக்குத் திரும்பும்போது நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு கேட்டது. புருஷன் ஒரு சொட்டும் குடிக்க முடியாமல் கிடக்கும்போது அவளுக்குத் தொண்டையில் இறங்குமா? போத்தலை மடியில் வைத்தபடி இருந்தாள்.

“குடி” என்றார் ஆதம்பாவா, கண்ணைத் திறக்காமல். கண்டி வரைக்கும் அவர் அவளோடு பேசியது அந்த ஒரு சொல்தான். வழியில் மறித்த சோதனைச் சாவடிக்காரர்கள்கூட, சண்டை ஓய்ந்த அந்த வருஷம், ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிரவே ஒப்பரேசன் நடந்தது. பெருநாளைக் கண்டி வாட்டில் கழித்தார்கள். மரப்பு மெல்ல மெல்ல விட்டது. பிறகு குழாயைக் கழற்றினார்கள். ஆதம்பாவா ஒரு கைத்தடியோடு தன் காலாலேயே நடந்து ஊருக்கு வந்தார். மூட்டை இனி இல்லை. நெல் மில்லில் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நிறை பார்க்கும் வேலை. எல்லாம் சரிதான். ஆனால் அன்று நடந்ததைப் பற்றி மட்டும் அவர் வாய் திறக்கவில்லை. மைமூனாவும் கேட்கவில்லை. சபைகளில் அவள் முதுகுக் கதையையும் விட்டுவிட்டாள். அவர் தன்னை மன்னிக்கவில்லை என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அது அவளை அரித்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் அன்று முன் அறையில் ஆண்கள் நிறைந்திருந்தார்கள். மைமூனா கதவுச் சேலைக்குப் பின்னால் பலகாரத் தட்டோடு நின்றாள். லொறிக்கார அபூசாலி நாரியைப் பிடித்துக்கொண்டு முனகுவது கேட்டது.

“ஒண்ணுக்குப் போறது விளங்குதாடா?” என்று ஆதம்பாவா கேட்டார்.

சபை சிரித்தது. “என்ன காக்கா, பெருநாளும் அதுவுமா!” என்று அபூசாலி நெளிந்தான்.

“சிரியாதீங்க. நான் ஓட்டோவுக்குள்ள சாரன நனைச்சவன்.”

சிரிப்பு அடங்கியது.

“ஓம், முதுகு ஆதம்பாவாதான். எனக்கே விளங்கல்ல. டொக்டருக்கிட்டப் பொய்யும் சென்னன். பொஞ்சாதி எனக்காக மறைச்சா. மறுகா நான் கத்தக் கத்த அவவே உண்மையச் சென்னா. கடலுக்குள்ள நான் தூக்கினன், அத ஊரெல்லாம் கதைக்கிறீங்க. என்னத் தூக்கினது இவ. அதயும் கதைங்க.” கதவுச் சேலைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார். “மைமூனா! இஞ்ச வா.”

மைமூனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்து, தலை நிமிர்ந்து சபைக்குள் வந்தாள். அபூசாலியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள்.

“இவனுக்கிட்டக் கேட்டு வேலயில்ல” என்றாள். “இவன்ட பொஞ்சாதி சரீபாவக் கூட்டிட்டு வாங்க.”